ஜெராஷ் தூணும் ஒரு டீக்கரண்டியும்

வணக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? ஃபேனைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, என் குரல் அவ்வளவுதான். சரி.

என்ன பேசப் போகிறீர்கள் என்று நூலகத்தில் கேட்டபோது, ரோமானியர் காலத்து இடிபாடுகளுக்கு ஒருநாள் டூர் போய்வந்த கதையைச் சொல்கிறேன் என்றேன். "ஓ, இத்தாலி போனீங்களா?" என்றார்கள். இல்லை, ஜோர்டான். தலைநகர் அம்மானிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வேனில் ஒரு மணி நேரம். ஊர் பெயர் ஜெராஷ், பழைய பெயர் கெராசா. இத்தாலிக்கு வெளியே இவ்வளவு முழுசாக நிற்கிற ரோமானிய ஊர்கள் கொஞ்சம்தான். ரோமானியர் என்றதும் உங்களில் பலருக்கு அரிக்கமேடு, யவனர், மிளகு, தங்கக் காசு என்று மனசு ஓடும், எனக்குத் தெரியும். அதை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

என் மச்சான் துபாயில் இருக்கிறார். அங்கிருந்து அம்மானுக்கு விமானத்தில் மூன்று மணி நேரச் சொச்சம்தான், வாங்களேன் மாமா என்றார், கிளம்பிவிட்டோம், நான், என் மனைவி, அவர். டூரை இணையத்தில் பதிவு செய்தோம். ஜெராஷ், அஜ்லூன் கோட்டை, உம் கைஸ் என்ற இன்னொரு பழைய ஊர், மூன்றும் ஒரே நாளில், மதியச் சாப்பாடு உட்பட, "கைடுடன்" என்று போட்டிருந்தது. அந்த கம்பெனியின் பெயர் வேண்டாம், ஆனால் அந்த "கைடுடன்" என்ற சொல்லைப் பற்றி நான் ஐந்து நிமிடம் பேசியே ஆக வேண்டும். காலையில் வேன் வந்தது. அதில் ஒரு டிரைவர், எங்களையும் சேர்த்து ஏழு பேர். டிரைவர் நல்ல மனிதர், வழியெல்லாம் சிரித்துப் பேசினார், பேசிக்கொண்டே ஒரு மொசைக் கடையில் நிறுத்தி முக்கால் மணி நேரம் எங்களை உள்ளே விட்டார், ஒருவரும் எதுவும் வாங்கவில்லை. ஜெராஷ் வாசலுக்கு வந்ததும் "இரண்டு மணி நேரம், பன்னிரண்டரைக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு சிகரெட் பற்றவைத்தார். கைடு எங்கே என்றால், உள்ளே நான் வரக்கூடாது, அதற்கு உரிமம் பெற்றவர்கள் தனியாக வாசலில் இருப்பார்கள், அவர்களுக்குத் தனியாகக் காசு என்றார். அப்புறம்தான் புரிந்தது, நாங்கள் பதிவு செய்தது கைடை இல்லை, வேனை.

ஆக, ஏழு பேரும் பங்கு போட்டு வாசலில் ஒருவரை அமர்த்திக்கொண்டோம். அந்த ஊர்க்காரர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வெயிலுக்கு ஒரு கம்பளிக் கோட்டு, ஏன் என்று இன்று வரை தெரியவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி: "மேலே பார்க்கப் போகிறீர்களா, கீழே பார்க்கப் போகிறீர்களா?" எல்லோரும் தூணின் உச்சியைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்களாம், ஊர் இருப்பது காலடியில் என்றார். இன்றைக்கு நான் சொல்லப்போவது எல்லாம் அந்த மனிதர் காலடியில் காட்டியதுதான்.

முதலில் வருவது ஹேட்ரியன் வளைவு. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 129-130 குளிர்காலத்தில் இந்த ஊருக்கு வந்தார், அதற்காகக் கட்டிய வரவேற்பு வளைவு. நம் ஊரில் மந்திரி வந்தால் மூங்கிலிலும் துணியிலும் கட்டுவோம், அவர்கள் கல்லில் கட்டியிருக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், வளைவு ஊரின் தெற்கு வாசலிலிருந்து நானூறு மீட்டருக்கும் மேல் தள்ளி, ஊருக்கு வெளியே நிற்கிறது. ஊரை இது வரைக்கும் நீட்டி மதில் கட்டி, இதையே வாசலாக்கும் திட்டம் இருந்தது என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. ஊர் நீளவே இல்லை. இதோ பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்று சொல்லி மனை விற்பதை நினைத்துக்கொண்டேன்.

வளைவுக்குப் பக்கத்திலேயே தேரோட்டப் பந்தய மைதானம். நீளம் சுமார் 245 மீட்டர், பதினைந்தாயிரம் பேர் உட்காரலாம், அப்படியும் ரோமானியப் பந்தய மைதானங்களில் இது சின்னது. பந்தயம் நின்றுபோன பிறகு படிகளுக்கு அடியில் இருந்த அறைகளில் குயவர்கள் பட்டறை வைத்தார்கள். அப்புறம் இன்னொன்றுக்கும் அந்த அறைகள் பயன்பட்டன. கொள்ளைநோயில் செத்தவர்களை அவசர அவசரமாகக் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட உடல்கள். 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டீனியன் காலத்தில் தொடங்கி மத்தியதரைக்கடல் நாடுகளை அலைக்கழித்த பிளேக்கா இது என்ற கேள்விக்கு 2025இல்தான் நேரடி விடை கிடைத்தது, அந்த எலும்புக்கூடுகளின் பல்லிலிருந்து எடுத்த மரபணுவில் பிளேக் கிருமி இருந்தது. கோவிட் சமயத்தில் விளையாட்டு அரங்கங்களைப் படுக்கை போட்டு ஆஸ்பத்திரி ஆக்கினோமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கூட்டம் கூடுவதற்காகக் கட்டிய இடம்தானே, நோய் வந்தாலும் கூட்டத்துக்கு அதுதான் இடம்.

தெற்கு வாசல் தாண்டினால் ஒரு பெரிய திடல், சுற்றிலும் தூண்கள், வடிவம் முட்டை மாதிரி. ரோமானியர் சதுரமும் செவ்வகமுமாகவே திட்டம் போடுகிறவர்கள், இங்கே மட்டும் ஏன் முட்டை? பக்கத்தில் இருக்கும் கிரேக்கக் கடவுள் ஸீயஸின் கோயில் பார்க்கும் திசை ஒன்று, ஊரின் பிரதான தெரு போகும் திசை வேறு. இரண்டும் சரியான கோணத்தில் சந்திக்கவில்லை. நடுவில் கோணலைக் காட்டாமல் ஒப்பேற்ற வேண்டும். வளைத்துவிட்டார்கள்! தையற்காரர் அளவு தப்பிய இடத்தில் ஒரு சுருக்கம் வைத்து, அதையே ஃபேஷன் ஆக்குவது போல. அந்தக் கோணலைச் சொல்லித்தராவிட்டால் நான் அதை வெறும் அழகு என்று பார்த்துவிட்டு வந்திருப்பேன். திடலுக்கு நடுவில் ஒரு தூண் இருக்கிறது, அது பழசு இல்லை, 1981 முதல் நடக்கும் ஜெராஷ் விழாவின் தீபத்துக்காக நிறுத்தியது. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவர்களை எங்கள் கைடு தடுக்கவும் இல்லை, சிரிக்காமல் இருக்கவும் இல்லை.

தெற்கு அரங்கத்தில் இன்னொரு ஆச்சரியம். மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரும் கல் படிகள், முதல் நூற்றாண்டின் கடைசியில் பேரரசர் டொமிஷியன் காலத்தில் கட்டியது. தரையின் நடுப்பகுதியில் நின்று சும்மா பேசினாலே மேல் படி வரை கேட்கிறது, இங்கே எனக்கு மைக் இருந்தும் கஷ்டப்படுகிறேன். ஆனால் ஆச்சரியம் அது இல்லை. சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியோடு நாலு பேர் பேக்பைப் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் வாசிப்பார்களே, அந்தப் பை வாத்தியம். பிரிட்டிஷார் இந்தப் பகுதியை ஆண்ட காலத்தில் ராணுவத்துக்குள் வந்தது, பிரிட்டிஷார் போன பிறகும் வாத்தியம் போகவில்லை, ஓய்வு பெற்ற சிப்பாய்கள் இங்கே வாசிக்கிறார்கள். அதில் சில குழல்கள் விடாமல் ஒரே சுருதியை ஊதிக்கொண்டிருக்கும், நம் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போலவே. என் மனைவிக்கு அந்த நாளிலேயே பிடித்தது அதுதான், பத்து நிமிடம் நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் பெரிய தெரு. எண்ணூறு மீட்டர், இரண்டு பக்கமும் தூண்கள். இங்கேதான் கைடு உண்மையிலேயே குனிய வைத்தார். தளக் கற்களில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த தடம், விரல் வைத்துப் பார்க்கலாம். ஆங்காங்கே வட்டமாக ஒரு கல் மூடி: பாதாள சாக்கடை. தெருவுக்கு அடியிலேயே வாய்க்கால் ஓடுகிறது, மழைத்தண்ணீர் இறங்க ஓரத்தில் துளை. மூடியைத் திறந்து அடைப்பெடுக்க யாரோ ஒருவர் உள்ளே இறங்கியிருப்பார் அல்லவா? ஹேட்ரியன் பெயர் நமக்குத் தெரியும், அவர் பெயர் தெரியாது. நம் ஊரில் இன்றைக்கும் இறங்குகிறவர்களின் பெயர், செத்தால் மட்டும்தான் பேப்பரில் வருகிறது. சரி, அதை விடுகிறேன், விட முடியாது, இருந்தாலும் விடுகிறேன்.

பெயர் தெரிந்த ஓர் உள்ளூர்க்காரர் உண்டு: நிக்கோமாக்கஸ். கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த கணக்கு ஆசிரியர், பெயரே கெராசா நிக்கோமாக்கஸ் என்றுதான் வழங்குகிறது. 6 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அதை மீதியில்லாமல் வகுக்கும் 1, 2, 3ஐக் கூட்டினால் திரும்ப 6. அதுபோல 28. அதற்குப் பிறகு 496, 8128. இந்த நான்கையும் எழுதி வைத்தவர் அவர். அவருடைய எண் கணிதப் புத்தகம் லத்தீனில் மாறி, ஐரோப்பாவில் பல நூற்றாண்டு பாடப்புத்தகமாக இருந்தது. இந்தத் தெருவில் அவர் பேரில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. முன்வரிசையில் கணக்கு டீச்சர் ஒருவர் தலையாட்டுகிறார், நன்றி டீச்சர்.

மேட்டின் மேல் ஆர்ட்டெமிஸ் கோயில். கிரேக்கப் பெண் தெய்வம், இந்த ஊரின் காவல் தெய்வம். முகப்பில் பன்னிரண்டு தூண்கள், பதினொன்று இன்னும் நிற்கின்றன. கைடு கோட்டுப் பையிலிருந்து ஒரு டீக்கரண்டியை எடுத்தார். தூணின் அடியில், பீடத்துக்கும் தூணுக்கும் இடையே மயிரிழை போல ஒரு சந்து, அதில் கரண்டியின் காம்பைச் செருகினார். "பொறு" என்றார். காற்று வந்தது. கரண்டி மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. தூண் மூச்சு விடுகிறது! அந்தப் பிரம்மாண்டமான கல், கண்ணுக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. தூண் ஒரே கல் இல்லை, உருளை உருளையாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியது, அதனால் இடமிருக்கிறது ஆட. நிலநடுக்கத்தைத் தாங்கவே இப்படித் திட்டமிட்டார்கள் என்று கைடு பெருமையாகச் சொன்னார். கி.பி. 749இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் இந்த ஊரில் விழுந்து கிடக்கும் தூண்களையும் பார்த்துவிட்டுத்தான் அவர் அதைச் சொன்னார், அதனால் நான் பாதி நம்பினேன். "நீங்கள் செருகிப் பாருங்கள்" என்று என் கையில் கரண்டியைக் கொடுத்தார்.

ஆனால் என்னை அசத்தியது தூண் இல்லை. கோயிலுக்குக் கீழே ஒரு சின்ன அறை, கூட்டமே இல்லை, வேன்காரர்களின் இரண்டு மணி நேரத்தில் இதற்கு இடம் கிடையாது. 6ஆம் நூற்றாண்டில், கிறிஸ்துவம் வந்து ஆர்ட்டெமிஸைக் கும்பிட ஆளில்லாமல் போன பிறகு, இங்கே தண்ணீரால் ஓடும் ஒரு கல்லறுக்கும் ஆலை இருந்தது. தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்றும், சக்கரத்தோடு கோத்த தண்டு, வாளை முன்னும் பின்னும் இழுக்கும். தையல் மெஷினில் கால் மிதித்தால் மேலும் கீழும் போகிற அசைவு சக்கரத்தைச் சுற்றுகிறதே, அதைத் திருப்பிப் போட்டதுதான் இது. நீராவி எஞ்சின் வந்த பிறகுதான் மனிதனுக்கு இந்த வித்தை தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபட்டது என்ன கல் தெரியுமா? பழைய தூண் துண்டுகள். சுவருக்கும் தரைக்கும் பலகைக் கல்லாக அறுத்திருக்கிறார்கள். பாதி அறுத்த இரண்டு துண்டுகள் அப்படியே கிடக்கின்றன, ஒரே இடைவெளியில் நேர்க்கோடாக வெட்டு. 1930களில் தோண்டியபோதே வெளியே வந்த கற்கள், இது ஆலை என்று கண்டுகொண்டது பல பத்தாண்டு கழித்துத்தான். இப்போது அந்த இயந்திரத்தை மரத்தில் திரும்பச் செய்து பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

இடிபாடு என்றால் காலம் இடித்தது என்று சொல்லிவிடுகிறோம். இங்கே பாதியை ஊர்க்காரர்களே பொறுமையாக, மெஷின் வைத்து, அளவெடுத்து அறுத்திருக்கிறார்கள், அதில் எனக்குக் குறையே தெரியவில்லை. வீட்டுக்குத் தரை போட வேண்டும், மலையிலிருந்து கல் கொண்டுவருவதா, பக்கத்தில் சும்மா நிற்பதை அறுப்பதா? பின்னாளில் ஊரே காலியாகி, ஸீட்ஸன் என்ற ஜெர்மானியப் பயணி 1806இல் வந்து சொன்ன பிறகுதான் வெளியுலகத்துக்கு இந்த இடம் மறுபடி தெரிந்தது. 1878இல் காக்கசஸ் மலைப்பகுதியிலிருந்து அகதிகளாக வந்த சர்க்காசியர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் குடியேறினார்கள், இன்றைய ஜெராஷ் ஊர் அங்கேதான். பழைய ஊரின் வீடுகள் பலவும் அந்த ஊருக்கு அடியில். நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது கோயில், தெரு, அரங்கம். குடித்தனம் இருந்த இடத்தில் மறுபடி குடித்தனம்தான் நடக்கிறது, மாடியில் துணி காய்கிறது.

இதற்குள் டிரைவரிடமிருந்து மூன்று போன். ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தோம், நினைவுப்பொருள் கடைகளின் வரிசையைக் கடக்காமல் வெளியேற வழி கிடையாது, புதினா போட்ட எலுமிச்சை ஜூஸ் மட்டும் குடித்தோம், அதை யாரும் தவறவிடாதீர்கள். அஜ்லூன் கோட்டையை அரைமணி நேரத்தில் முடித்தோம், சுல்தான் சலாவுதீனின் தளபதி கட்டியது, மேலே நல்ல காற்று, அவ்வளவுதான் ஞாபகம். உம் கைஸ் போகவே இல்லை, நேரமாகிவிட்டது என்றார் டிரைவர், மொசைக் கடைக்கு மட்டும் நேரம் இருந்தது. போகிறவர்கள் ஜெராஷுக்கு மட்டும் ஒரு முழு நாள் வையுங்கள், காலையில் வாசல் திறக்கும்போதே உள்ளே போங்கள், நிழல் கிடையாது, தொப்பி வேண்டும். கிளம்பும் முன்னே ஜோர்டான் பாஸ் என்று ஒன்று வாங்கிவிட்டால் நுழைவுக் கட்டணம் அதில் அடங்கிவிடும், மூன்று இரவு தங்கினால் விசாக் கட்டணமும் மிச்சம். கைடை வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அஜ்லூனில் கைக்குட்டை எடுக்கப் பையில் கைவிட்டபோதுதான் தெரிந்தது, கரண்டி என்னிடமே இருக்கிறது. இதோ, இதுதான், பின்வரிசைக்குக் கொடுத்தனுப்புகிறேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். மற்ற நேரத்தில் எங்கள் வீட்டுக் காபிப்பொடி டப்பாவில் கிடக்கிறது. உங்களில் யாராவது அம்மான் பக்கம் போவதாக இருந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்ப வேண்டும், வாசலில் கம்பளிக் கோட்டு போட்ட பெரியவர் என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். காம்பு கொஞ்சம் வளைந்திருக்கிறது. அது தூணில் வளையவில்லை, எங்கள் டப்பா மூடியைத் திறக்கப்போய் வளைந்தது, அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.