28 வயதில் முதல் சண்டை

நேயர்களுக்கு வணக்கம்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஹோயல் காசமயோர் என்ற கியூபா இளைஞர் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கினார். அதற்காக அவருக்குக் கிடைத்த பரிசு ஒரு சீனத்து சைக்கிள். சோவியத் யூனியன் உடைந்துபோய், கியூபாவில் பெட்ரோலும் இல்லை, வயிற்றுக்கும் போதவில்லை என்றிருந்த காலம் அது. அன்றைக்கு அங்கே சைக்கிளே பெரிய பொருள்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ஒலிம்பிக் தங்கத்துக்கு சைக்கிளா? நான்கு வருடம் கழித்து, அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால், அணியோடு மெக்சிகோவுக்குப் போயிருந்த காசமயோர் அங்கிருந்து நழுவி அமெரிக்கா சேர்ந்தார். 2000இல் தொழில்முறை உலகச் சாம்பியன் ஆனார்.

கியூபா வீரர்கள் காசுக்கு ஆடப் போனால் தேறுவார்களா என்று குத்துச்சண்டை பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள். திறமையில் குறை சொல்ல முடியாது. என் கணக்கில் அவர்களுடைய எதிரி காலண்டர். எத்தனை வயதில் வெளியே வந்தார்கள் என்பதைக் கேட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

புரட்சிக்கு முன்னால் இந்தச் சிக்கல் இல்லை. ஹவானா தெருக்களில் பேப்பர் விற்ற பையன் கிட் சாக்லெட் 1931இல் உலகச் சாம்பியன். 1950களில் கிட் கவிலான். அப்புறம் 1960களின் தொடக்கத்தில் காஸ்ட்ரோ அரசு தொழில்முறை விளையாட்டையே தடை செய்தது. ஹொசே நாப்போலஸ் போன்றவர்கள் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்து அங்கிருந்து பட்டம் வென்றார்கள். தங்கியவர்கள் ஒலிம்பிக்கை நம்பினார்கள். தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 76, 80 என்று மூன்று தங்கம் வாங்கினார். முகமது அலியோடு மோத பெரும் தொகை தருகிறோம் என்றபோதும் போகவில்லை.

அந்த நாற்பது, ஐம்பது வருடங்களில் கியூபா ஒரு பெரிய பட்டறையையே நடத்தியது. பழைய ஹவானாவில் ரஃபேல் த்ரெஹோ என்ற பயிற்சிக்கூடம் இருக்கிறது. சுற்றிலும் பழைய வீடுகள், நடுவில் திறந்தவெளியில் ஒரு ரிங், உட்கார மரப் படிக்கட்டு. அங்கே பையன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது கால் வேலை. அடி வாங்காமல் அடிக்கணும், அடித்த இடத்தில் நிற்கக்கூடாது. மூன்று ரவுண்டு அமெச்சூர் ஆட்டத்தில் புள்ளி சேர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் டிக்கெட் வாங்கி வருகிற கூட்டம் புள்ளியைப் பார்க்க வருவதில்லை, யாராவது விழுவதைப் பார்க்க வருகிறது.

கியர்மோ ரிகாண்டோவைப் பாருங்கள். சிட்னியிலும் ஏதென்ஸிலும் தங்கம். 2007இல் ரியோவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிக்குப் போன இடத்தில் இவரும் எரிஸ்லாண்டி லாராவும் அணியை விட்டு மாயமானார்கள். பிரேசில் போலீஸ் பிடித்துத் திருப்பி அனுப்பியது. ஊரில் இருவரையும் அணியிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். ரிங்குக்காகவே வளர்த்த மனிதன் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை. கடைசியில் 2009இல் மெக்சிகோ வழியாக மயாமி போய்ச் சேர்ந்தார். முதல் தொழில்முறைச் சண்டை ஆடும்போது வயது 28. சின்ன எடைப் பிரிவில் 28 என்பது பலர் உச்சத்தில் இருக்கும் வயது; இவருக்கு அது ஆனா ஆவன்னா.

2013 ஏப்ரலில் நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் நொனிட்டோ டொனேரைச் சந்தித்தார். முந்தைய ஆண்டின் சிறந்த வீரர் என்று பெயர் வாங்கியவர் டொனேர். அந்தச் சண்டையின் பதிவை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். டொனேர் இடது கையை இழுப்பதற்குள் ரிகாண்டோ அங்கே இருக்க மாட்டார். 10ஆவது ரவுண்டில் ஒரே ஒரு முறை கீழே விழுந்தார், எழுந்து மறுபடியும் அதே பாடம். மூன்று நடுவர்களும் அவருக்கே வெற்றி கொடுத்தார்கள். அரங்கில் கூச்சல், ஏளனம். அவருடைய சொந்த புரமோட்டரே இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு எப்படி விற்பது என்று புலம்பினார். ஜெயித்த இரவிலேயே மார்க்கெட் இறங்கிய சாம்பியன் அவராகத்தான் இருப்பார்.

இன்னொன்று. காசமயோர், ரிகாண்டோ, லாரா, ஹெவிவெயிட் லூயிஸ் ஓர்ட்டிஸ், ரொபெய்சி ராமிரெஸ், டேவிட் மொரெல் எல்லோரும் இடக்கைக்காரர்கள். இடக்கைக்காரரை எதிர்த்து ஆடுவது கஷ்டம். பார்க்கவும் சுவாரசியமில்லை, எதிர்த்து ஆடவும் கஷ்டம் என்றால் எந்தப் பெரிய வீரர் வலியப் போய் ஒப்பந்தம் போடுவார்? காத்திருப்பிலேயே வருடங்கள் போகும். ஓர்ட்டிஸ் தொடங்கியதே 30 வயதில்; முதல் உலகப் பட்டச் சண்டை கையில் வரும்போது 40ஐ நெருங்கிவிட்டார்.

ஆனால் அதே பாணிக்கு ஒரு நன்மையும் உண்டு. அடி வாங்காதவன் நாள்பட நிற்பான். லாரா 2014இல் மெக்சிகோ நட்சத்திரம் கனேலோவிடம் பிளவுபட்ட தீர்ப்பில், அதாவது மூன்று நடுவர்களில் ஒருவர் தன் பக்கம் இருந்தும், தோற்றவர். 40 வயதைத் தாண்டியும் மிடில்வெயிட் பட்டத்தைக் கையில் வைத்திருந்தார்.

லண்டனிலும் ரியோவிலும் தங்கம் வென்ற ராமிரெஸ் 2019இல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் சண்டை ஆடினார். ரியோ இறுதியில் அமெரிக்காவின் ஷகூர் ஸ்டீவன்சனையே வென்றவர், பெயர் தெரியாத ஒருவரிடம் முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்து, ஆட்டத்தையும் இழந்தார். அதன்பின் இஸ்மாயில் சலாஸ் என்ற கியூபப் பயிற்சியாளரிடம் போய், எடையைக் காலில் இறக்கி, நின்று குத்தப் பழகினார். 2023இல் உலகப் பட்டம் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் போயும் விட்டது. மொரெல் 21 வயதிலேயே தொழில்முறைக்கு வந்துவிட்டார். அவர் ஆட்டத்தில் பட்டறை வாசனை குறைவு, முன்னேறி அடிக்கிறார். டிக்கெட்டும் விற்கிறது. சீக்கிரம் வந்ததன் லாபம் அது.

சரி, 2022இல் கியூபாவே கதவைத் திறந்ததே என்பீர்கள். திறந்தது, ஒரு சாண் அளவுக்கு. மெக்சிகோ நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு, அந்த ஆண்டு மே மாதம் அகுவாஸ்கலியெந்தஸ் நகரில் ஆறு பேரை இறக்கினார்கள். ஆறு பேரும் ஜெயித்தார்கள். வருமானத்தில் 80 சதவீதம் வீரருக்கு, மீதி பயிற்சியாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் என்று அறிவித்தார்கள். பங்கு நல்ல பங்குதான், ஆனால் எதில் பங்கு? பெரிய பணம் லாஸ் வேகஸில் இருக்கிறது. கியூபா அணி வீரராக இருந்துகொண்டு அங்கே போய் ஆடிச் சம்பளம் வாங்க அமெரிக்கப் பொருளாதாரத் தடை குறுக்கே நிற்கிறது. இறங்கிய ஆறு பேரிலும் ஹூலியோ சீசர் லா குரூஸ் போன்றவர்கள் முப்பதைக் கடந்தவர்கள். டோக்கியோவில் தங்கம் வாங்கிய ஆண்டி குரூஸ் அந்தக் கதவுக்காகக் காத்திருக்கவில்லை. வெளியேறி, 2023இல் டெட்ராய்ட்டில் அறிமுகமானார்.

பயிற்சியாளர் வேலை இன்னொரு வழி. இந்திய அணியைப் பல ஆண்டுகள் பழக்கி துரோணாச்சாரியார் விருது பெற்ற ஃபெர்னாண்டஸ் கியூபாக்காரர்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கியூபாவுக்குக் குத்துச்சண்டையில் ஒரு தங்கம், ஒரு வெண்கலம், அவ்வளவுதான். 92 கிலோ பிரிவில் லா குரூஸ், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 34 வயதில் முதல் சண்டையிலேயே வெளியேறினார். அவரைத் தோற்கடித்த லோரன் அல்ஃபோன்சோ அஜர்பைஜான் சட்டை போட்டிருந்தார், பிறந்தது கியூபாவில். அந்தப் பிரிவில் வெள்ளி அவருக்குப் போனது. வெண்கலங்களில் ஒன்றை ஸ்பெயினுக்காக ஆடிய என்மானுவேல் ரெயெஸ் வாங்கினார். அவரும் கியூபாவில் பிறந்தவர்தான்.

நன்றி, வணக்கம்.