பிரேக் ஒயில் கண்ணாடி கசிந்தால் பசை பூசலாமா?

சாவகச்சேரியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் இருந்து ஒயிலைத் தள்ளுகிற முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் அளவு பார்க்கிற வட்டக் கண்ணாடி மங்கி வெடித்துப் போச்சு. ஓரத்தால் கசியுது. வெளியால் பசை பூசி அடைக்கலாமோ?"

வேண்டாம் தம்பி. பிரேக் ஒயில் பெயின்ட்டையே உரிக்கிற சாமான். அது ஊறின இடத்தில் பசை நிற்காது. இன்றைக்குப் பிடித்த மாதிரி இருக்கும், பிறகு சத்தமில்லாமல் விடும். ஒயில் இறங்கி உள்ளே காற்றுப் போனால் லீவர் அப்படியே கைப்பிடியில் வந்து முட்டும்.

முதலில் கசிவு எங்கிருந்து என்று பாருங்கள். மேல் மூடியின் ரப்பர் பழுதாகி அங்கிருந்து வழிந்தாலும் கண்ணாடிதான் நனையும். நன்றாகத் துடைத்து, டிஷ்யூ ஒன்றைச் சுற்றிக் கட்டி, இரவு விட்டுப் பாருங்கள். வெறும் மங்கல்தான் என்றால் அவசரமில்லை. அது பெரும்பாலும் பிளாஸ்டிக், நாள் முழுக்க வெயிலில் நிற்கிற வண்டியில் மங்கத்தான் செய்யும்.

கசிவு உறுதி என்றால் மாற்றத்தான் வேண்டும். பல வண்டிகளுக்குக் கண்ணாடி தனியாகக் கிடைக்காது, முழு சிலிண்டராகத்தான் விற்பார்கள். விலை கட்டுப்படியானால் முழுதாகவே மாற்றுங்கள் என்பதுதான் என் கருத்து. தனியாகக் கிடைத்தால் குழியின் விட்டத்தை வேர்ணியர் அளவுகோலால் அளந்து வாங்குங்கள், கண்மதிப்பு சரிவராது.

டாங்கியைத் துணியால் மூடுங்கள். ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய ஒயிலை சிரிஞ்சால் உறிஞ்சி, சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனையும் வெளியே எடுத்துவிடுங்கள். கண்ணாடியின் நடுவில் சின்னத் துளை போட்டு, ஒரு ஸ்குரூவை முறுக்கி, அதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஓரத்தில் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் புதுக் கண்ணாடியும் கசியும்.

இனிச் சொல்வதை வடிவாகக் கேளுங்கள். ஒயில் தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். அதில் ஒன்று ஊசி முனை அளவுதான். பிரேக் சூடாகி விரிகிற ஒயில் அதற்குள்ளால்தான் தொட்டிக்குத் திரும்பும். துளைபோடும்போது விழுந்த ஒரு பிளாஸ்டிக் தூள் அதை அடைத்தால், லீவரை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். ஓடஓட டிஸ்க் கொதிக்கும், கடைசியில் சில்லு இறுகும். பிஸ்டனைக் கழற்றச் சொன்னது இதற்காகத்தான். பிரேக் கிளீனர் அடித்து, காற்று ஊதி, இரண்டு துளையும் திறந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உள்ள வகை என்றால் அதில் புது ஒயில் தடவி, கண்ணாடியின் விளிம்பில் மட்டும் உட்காரக்கூடிய சொக்கட் ஒன்றை வைத்து, நேராக அமுக்குங்கள். சுத்தியலால் அடித்தால் வெடிக்கும்.

பூட்டும்போது குழாய் போல்ட்டின் வாஷர் இரண்டும் புதிதாக இருக்கட்டும். மூடியில் எழுதியிருக்கிற வகை ஒயிலையே ஊற்றுங்கள். டொட் 4 என்றால் புதுசு குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சினால் அது 155 வரை இறங்கலாம். அதனால் எப்போதோ திறந்த போத்தலைப் பாவிக்காதீர்கள். எயர் எடுத்து, அதாவது ஒயிலுக்குள் நிற்கிற காற்றை வெளியேற்றி, முடிந்ததும் லீவரை இறுக்கிப் பிடித்துக் கசிவு பாருங்கள். பிறகு லீவரை விட்டுவிட்டு முன் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் மட்டும் வண்டியை ரோட்டுக்கு எடுங்கள்.