பனங்கிழங்குக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பள்ளிப் பிள்ளைகளுக்கு வியாபாரக் கணக்கு சொல்லிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். உடனே ஞாபகம் வந்தது ஒரு சாக்குப் பனங்கிழங்கு.

தை மாதம். பிள்ளைகளே கடை போட்டு விற்கும் ஒரு நாளைப் பள்ளியில் வைத்திருந்தோம். திசையன்விளைப் பக்கத்துப் பையன் ஒருவன், பதினொன்றாம் வகுப்பு, அவித்த கிழங்கு 100 கொண்டுவந்தான். ஒன்று 5 ரூபாய். சாயங்காலம் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, “சார், 380 ரூவா லாவம்” என்றான்.

“கிழங்கு என்ன விலைடே?”

“நாலு கட்டு 240 ரூவா. அம்மா தந்தா.”

பஸ்ஸில் சாக்குக்கு 30, உப்பு மஞ்சளுக்கு 10 என்று ஒவ்வொன்றாக வந்தது. விறகு? “நம்ம விளையில பொறக்குன ஓலையும் மட்டையும்தான சார்.” அவித்தது? “அம்மாதான். அதுக்கு யாரு சார் துட்டு கேப்பா?”

380இல் 280 போனால் 100. அந்த நூறுக்குள்தான் அம்மா விடியுமுன் எழுந்து அடுப்படியில் நின்ற நேரமும் இருக்கிறது. விற்ற பணம் வேறு, லாபம் வேறு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இவனுக்கு அன்றைக்கு வலித்தது.

சாக்கில் 20 கிழங்கு மிச்சம். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் இறுதிச் சரக்கிருப்பு. வாங்கிய கணக்கில் 48 ரூபாய். மறுநாள் நூல் விட்டுப்போகிற சரக்கை 48 என்று எழுதலாமா? வகுப்பில் ஒரு பீரியட் முழுக்கச் சண்டை. அடக்க விலை, சந்தை விலை, எது குறைவோ அதை எழுது என்கிற விதி அன்றைக்குத்தான் அவர்களுக்கு விளங்கியது. ஊசிப்போன கிழங்குக்குச் சந்தை விலை ஏது?

சொற்கள் விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. நமக்குக் கடன் கொடுத்தவரைப் புத்தகம் ‘கடனீந்தோர்’ என்கிறது. பிள்ளைகள் அதைக் கடனாளியோடு போட்டுக் குழப்புகிறார்கள். ஆனால் முதல், கொள்முதல், போணி, கைமாற்று எல்லாம் வீட்டிலேயே காதில் விழுகிற சொற்கள்தானே? பலசரக்குக் கடையில் அண்ணாச்சியை ‘மொதலாளி’ என்று கூப்பிடுகிற பிள்ளைக்கு, முதலை ஆள்பவர் முதலாளி என்று பிரித்துக் காட்டினால் போதும். ‘பத்து வரவு’ நோட்டைத் தெரியாத வீடு உண்டா? ஆனால் அந்தப் பத்து எண் இல்லை, ஒருவர் வாங்கிக்கொண்டதை அவர் பேரில் எழுதுகிற பற்று என்று சொன்னபோது ஒரு வகுப்பே வாயைப் பிளந்தது.

பங்கு என்றால் என்ன என்பதற்கும் தூரம் போக வேண்டாம். வ.உ.சி. செக்கிழுத்தது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அவர் பங்கு விற்றது தெரியாது. 1906இல் தூத்துக்குடி நம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தபோது தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தார்கள். எத்தனை பங்கு என்று கேட்டால், வகுத்துப் பார்த்து 40,000 என்பார்கள். எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. நஷ்டத்துக்கு ஓட்டினால் யார் அதிக நாள் தாக்குப்பிடிப்பார், ஏன் என்று கேட்டுவிட்டு நான் உட்கார்ந்துவிடுவேன். மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

சரி, கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டவர்களுக்கு ஒன்று இடித்திருக்கும். விற்றது 80 கிழங்கு. 400 ரூபாய் அல்லவா வர வேண்டும்? அந்த 20 ரூபாய் நான் தின்றது. நாலு கிழங்கு எடுத்துக்கொண்டு, சில்லறை இல்லை, நாளைக்குத் தாரேன் என்று சொல்லி மறந்தும்விட்டேன்.

மூன்றாம் நாள் ஆசிரியர் அறை வாசலில் பையன் நோட்டோடு நின்றான். பெறுபவரைப் பற்று வை என்று நான் சொன்னபடியே, என் பெயரில் ஒரு பக்கம், பற்றில் 20. பணத்தைக் கொடுத்தேன். வலப்பக்கம் தேதி போட்டு வரவு எழுதினான். அப்புறமும் நகரவில்லை.

“என்னடே?”

“கையெழுத்து சார்” என்றான்.