நிழலின் அருமை
(களியக்காவிளையில் காவலர் வீரவணக்க நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய காவல்துறை அதிகாரிகளே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, வணிகர் சங்கப் பெரியோர்களே, எல்லை தாண்டிப் பாறசாலையிலிருந்து வந்திருக்கும் கேரளக் காவல் நண்பர்களே, பந்தல் போட்ட தம்பிமாரே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளணும். மேடையில் நாற்காலி அதிகம், என் கண்ணாடியோ பழசு.

கல், பெயர், குடும்பம் என்று மூன்று செய்தி சொல்ல வந்தேன். வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் அதற்கு ஆறு நிலை சொல்கிறது. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டு நம் காவலர்கள் 10 பேர் இறந்தார்கள். இந்த வீரவணக்க நாள் அவர்கள் நினைவாகத்தான். அதே தேதியில், 2018-ல், டெல்லி சாணக்யபுரியில் தேசியக் காவலர் நினைவிடம் திறந்தார்கள். 30 அடி உயர ஒற்றைக் கருங்கல். சுவரில் 34,000-க்கும் மேற்பட்ட பெயர்கள்.

நமக்கு ஒரு பெயர் போதும். 2020 ஜனவரி 8 இரவு, இதே ஊர்ச் சோதனைச் சாவடியில் காவலில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அங்கே ஒரு மனிதர் ராத்திரியெல்லாம் நிற்கிறார் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த ஏட்டையா ஒருவர். எல்லையில் வேறொரு சாவடி, பேய்மழை. கல்யாண வேன் ஒன்று வருகிறது. நிறுத்தினார். உள்ளே சீட்டுக்கடியில் எல்லாம் மூட்டை. மேலே சம்மணம் போட்டு ஒரு பாட்டி. "என்னம்மா இது?" "கல்யாண விருந்துச் சத்யைக்கு உள்ள அரிசியாக்கும் ஏட்டையா." பிரித்தால் ரேஷன் அரிசி! "சரி, மாப்பிள்ளை ஆரு?" என்றார். வேனுக்குள் நாலு பேர் நாலு பேரைக் கைகாட்டினார்கள். டிரைவர் தன்னையே காட்டிக்கொண்டான்! (சிரிப்பு, கைத்தட்டல்.) பாட்டி மட்டும் அசரவில்லை. "இன்னும் முடிவாகல்ல மக்களே" என்றாள்.

சிரித்துவிட்டோம். அந்த மூட்டைகள் நனையாமல் வேனுக்குள் இருந்தன, ஏட்டையா நனைந்தார். சாவடி என்றால் நாலு கம்பும் ஒரு கிழிந்த தார்பாயும். நிழலின் அருமை வெயிலில் தெரியும், கூரையின் அருமை மழையில் தெரியும், இதை நான் சொந்தமாகச் சேர்த்தேன். பெண் காவலர்கள் ராத்திரிப் பணிக்கு நின்றால் அவசரத்துக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

நினைவுத்தூண் வேண்டும் என்று இன்று தீர்மானம் போடுகிறீர்கள். போடுங்கள். அதே தாளில் கூரை, நல்ல விளக்கு, கேமரா, கழிப்பறை, இந்த நாலையும் எல்லைச் சாவடி ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். தூணுக்குப் பெயர் சேராமல் பார்ப்பதும் அஞ்சலிதான்.

குடும்பங்களைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணி அடிக்கிறார். கூரையும் விளக்கும் கேட்கும் மனு பந்தல் வாசலில் மேசைமேல் இருக்கிறது. அதிகாரிகளும் கையெழுத்துப் போடலாம். பேனா நான் தருகிறேன்.