கையெழுத்துப்படி மலையிறங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவர், பள்ளிக்கூட ஆசிரியை, ஊர்க் கதைகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கும் படுகர் பெரியவர் என்று பலர். எழுதி முடித்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ‘ஏஜென்ட் இருந்தால்தான் புத்தகம் வருமாமே?’

ஏஜென்ட், அதாவது எழுதியவர் சார்பில் பதிப்பகத்தோடு பேசிப் புத்தகத்தை விற்றுத் தரும் முகவர், தமிழில் புத்தகம் வரத் தேவையில்லை. பதிப்பகத்துக்கு நீங்களே நேரடியாக அனுப்பலாம். உங்கள் நாவல் ஆங்கிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகிறது என்றால்தான் முகவர் பேச்சே வருகிறது. லண்டன், நியூயார்க்கின் பெரிய பதிப்பகங்கள் பல, முகவர் வழியாக வராத பிரதியைத் தொடுவதேயில்லை. இந்தியாவில் அவ்வளவு கெடுபிடி கிடையாது. ஆனாலும் டெல்லி, ஜெய்ப்பூர் போன்ற ஊர்களில் நல்ல முகவர்கள் இருக்கிறார்கள்.

முகவருக்குக் கூலி என்ன? உள்நாட்டு விற்பனைக்கு உங்கள் வருமானத்தில் பொதுவாக நூற்றுக்கு 15. வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20. குன்னூர் ஏலத்தில் தேயிலை விற்ற பிறகுதானே புரோக்கருக்குக் கமிஷன்? இங்கேயும் அதே கணக்குதான். ‘படித்துப் பார்க்க ஐயாயிரம் அனுப்புங்கள்’ என்று ஒருவர் கேட்டால், அவர் பிழைப்பு உங்கள் புத்தகத்தை விற்பதில் இல்லை, உங்களிடம் வாங்குவதில் இருக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முகவர் சங்க விதிகளே பிரதியைப் படிக்கக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கின்றன. மறுபடியும் சொல்கிறேன், படிக்கக் காசு கேட்டால் பிரதியைக் கொடுக்காதீர்கள்.

முகவருக்கு முன்னால் ஏற வேண்டிய படி ஒன்று இருக்கிறது: மென்ட்டர், அதாவது வழிகாட்டி எழுத்தாளர். அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த ‘பிட்ச் வார்ஸ்’ திட்டத்தில், வந்து குவியும் பிரதிகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகாட்டி, சில மாதம் அதை எழுதியவரோடு சேர்ந்து திருத்துவார். அதன் பிறகே பிரதி முகவர்கள் பார்வைக்குப் போகும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஒரு முகவர் ஒருமுறை வேண்டாம் என்று சொன்ன பிரதியை, ‘இப்போது திருத்திவிட்டேன்’ என்று மறுபடி நீட்டினால் பெரும்பாலும் பார்க்க மாட்டார்.

நம் நாட்டில் நேஷனல் புக் டிரஸ்ட் இளம் எழுத்தாளர்களுக்காக நடத்தும் பி.எம்.-யுவா திட்டத்துக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். வயது 30-ஐத் தாண்டக் கூடாது. தேர்வானால் 6 மாதம், மாதம் 50,000 ரூபாய், கூடவே வழிகாட்டியும். ஒவ்வொரு சுற்றுக்கும் பொருள் ஒன்றை அவர்களே அறிவிப்பார்கள் என்பதால், கையில் இருக்கும் காதல் நாவலை அனுப்பிப் பயனில்லை. ‘சவுத் ஏசியா ஸ்பீக்ஸ்’ என்பதும் வழிகாட்டியோடு நடக்கும் ஓராண்டுத் திட்டம், கட்டணம் கிடையாது, மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இடம் உண்டு. எதுவானாலும் கடைசி நாள் ராத்திரி வரை காத்திருக்காதீர்கள். ஆடி மழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் கரண்ட் போனால் நெட்டும் சேர்ந்து போய்விடும்!

வழிகாட்டியிடம் முதல் வரைவைக் கொடுக்காதீர்கள். சந்திப்பிழையும் பெயர்க் குழப்பமும் திருத்துவதிலேயே அவர் நேரம் போய்விடும், கதையின் நடுவில் எங்கே தொய்கிறது என்று சொல்ல நேரம் இருக்காது. எத்தனை பக்கம் படிப்பார், எத்தனை முறை பேசுவார், குறிப்பை எழுதித் தருவாரா என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ‘இங்கே சலிக்கிறது’ என்றால் நம்புங்கள். ‘இப்படி மாற்று’ என்றால் யோசியுங்கள்.

இனி, முகவருக்கு எழுதும் கடிதம். பாதிப் பேர் தோற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் 300, 350 சொல், ஒரே பக்கம். தலைப்பு, வகை, நீளம் ஒரு வரி. உங்களைப் பற்றி இரண்டு வரி. மீதியெல்லாம் கதை.

ஆனால் வருவதென்ன? ‘தேயிலைத் தொழிலாளர்களின் வாழ்வை உள்ளது உள்ளபடி சித்திரிக்கும் நாவல்’ என்று வருகிறது. இதை எந்த நாவலுக்கும் எழுதலாமே! இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘எஸ்டேட்டில் ஓய்வுபெறும் செல்லம்மா லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் கொழுந்து பறிக்கச் சேர்ந்தால் வீடு தங்கும். மகளுக்கோ கோவையில் நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம்.’ அவ்வளவுதான். யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, விட்டால் எதை இழப்பார் என்று மூன்றும் வந்துவிட்டன. ‘சித்திரிக்கும்’, ‘பேசும்’, ‘அலசும்’ என்று முடியும் வாக்கியம் கடிதத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். செல்லம்மா வரட்டும், அலசல் வேண்டாம். முடிவைக் கடிதத்தில் சொல்லக் கூடாது. தனியாக இணைக்கும் ஓரிரு பக்கக் கதைச் சுருக்கத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

ஒரே சமயத்தில் ஐந்தாறு முகவருக்கு எழுதலாம், ஆனால் தனித்தனிக் கடிதமாக. பதிலுக்கு 6 முதல் 12 வாரம் ஆகும். யாருமே அத்தியாயம் கேட்கவில்லையா? கோளாறு கடிதத்தில். அத்தியாயம் கேட்டு வாங்கிய பிறகு மறுக்கிறார்களா? கோளாறு முதல் ஐம்பது பக்கத்தில். அதைச் சரிசெய்யாமல் அடுத்த ஐந்து பேருக்கு அனுப்பாதீர்கள்.

தமிழ் நாவலென்றால் ஆங்கில மாதிரி 20, 25 பக்கம் கூடவே போக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெயரும், அவருக்கு நீங்கள் எழுத்தில் தந்த அனுமதியும் தேவை. தமிழ்ப் பிரதி யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் போனால் அங்கே கட்டம் கட்டமாகத்தான் திறக்கும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், இரண்டு வரியில் முடிக்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ‘எல்லா மொழிக்கும், எக்காலத்துக்கும்’ என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.