கடலடியில் ஒரு மூடி

வணக்கம் நேயர்களே. சம்பளம், மண்சரிவு, லயத்துக் கூரை என்று பேச எவ்வளவோ இருக்க, மலையில் உட்கார்ந்துகொண்டு ஆழ்கடல் எண்ணெய்க் கசிவைப் பற்றி ஏன் பேசுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் நான். அமுக்கம், வெப்பநிலை, பாய்மம் என்று நாங்கள் தனித்தனி அலகாக நடத்துகிற எல்லாம் ஒரே இடத்தில் வந்து மோதிய கதை இது. அதனால்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

2010 ஏப்ரல் 20. மெக்சிக்கோ வளைகுடாவில், லூசியானா கரைக்கு அப்பால் டீப்வோட்டர் ஹொரைசன் என்ற மிதக்கும் துளையிடும் மேடை வெடித்துத் தீப்பற்றியது. 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் மேடை மூழ்கிவிட்டது. அடியில் இருந்த மக்கொண்டோ கிணறு ஜூலை 15 வரை, 87 நாட்கள், எண்ணெயைக் கக்கிக்கொண்டே இருந்தது. கிணற்றைத் தோண்டுவித்த பிபி எண்ணெய் நிறுவனத்துக்குப் பணத்தில் குறைவில்லை, அமெரிக்க அரசாங்கத்திடம் நிபுணர்களுக்கும் குறைவில்லை. அப்புறம் ஏன் இவ்வளவு நாள்?

கிணற்றின் வாய் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீற்றர் கீழே இருந்தது. நம் மலையகத்து ஹப்புத்தளையின் உயரமே அதைவிடச் சற்றுக் குறைவு. மப்பு இல்லாத நாளில் அங்கிருந்து தெற்கே பார்த்தால் கடலோரம் தெரியும் அல்லவா? கிணறு அந்தக் கரையின் மட்டத்தில், கப்பல் ஹப்புத்தளை டவுனின் மட்டத்தில், இடையில் முழுக்கத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலிலிருந்து கம்பியில் ஒரு இரும்புப் பெட்டியைத் தொங்கவிட்டு, கீழே உள்ள குழாயின் மேல் பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். அமுக்கம் நாம் வெளியில் உணர்வதைப் போல 150 மடங்கு. சுழியோடிகள் போய் வேலை செய்கிற இடமல்ல அது. கமரா பூட்டிய ரொபோக்கள்தான் கையும் கண்ணும்.

கிணற்று வாயில் ஏற்கனவே ஒரு காவற்கருவி இருந்தது. பல மாடி உயரமான வால்வுத் தொகுதி. ஆபத்து வந்தால் அதற்குள் இருக்கும் உருக்குக் கத்திகள் குழாயை வெட்டி வழியை அடைத்துவிட வேண்டும். அன்று உள்ளே இருந்த துளைக் குழாய் வளைந்து ஓரமாகப் போய்விட்டதால் கத்திகளால் முழுதாக அடைக்க முடியவில்லை.

மே மாதம் ஒரு பெரிய இரும்புப் பெட்டியைக் கசிவின் மேல் கவிழ்த்து, உச்சியில் குழாய் பூட்டி, எண்ணெயைக் கப்பலுக்கு இழுக்கப் பார்த்தார்கள். கீழே தண்ணீர் 4, 5 பாகைக் குளிர். எண்ணெயோடு வந்த மெதேன் வாயு அந்தக் குளிரிலும் அமுக்கத்திலும் தண்ணீரோடு கலந்து பனிக்கட்டி மாதிரி உறைந்துபோனது. பூச்சியத்துக்கு மேலேயே எப்படி சேர் உறையும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்த மெதேன் ஐதரேற்று உறையும். அது பெட்டியின் உச்சியை அடைத்தது. தண்ணீரைவிட இலேசு என்பதால் அவ்வளவு பாரமான பெட்டியையே மேலே தூக்கவும் தொடங்கியது. பெட்டியை அப்பால் நகர்த்தி வைத்தார்கள்.

மாதக் கடைசியில், எண்ணெயைப் பாரத்தாலேயே கீழே அமுக்க, துளையிடும்போது பாவிக்கும் பாரமான சேற்றைக் கிணற்றுக்குள் பம்ப் பண்ணினார்கள். ரப்பர் துண்டு, கோல்ஃப் பந்து எல்லாம் சேர்த்து அடித்துப் பார்த்தும் சரிவரவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நாளைக்கு 1,000 பீப்பாய் என்று முதலில் சொன்னார்கள், பிறகு 5,000 என்றார்கள். தொடக்கத்தில் வந்தது 62,000 அளவில் என்று அரசாங்க விஞ்ஞானிகள் பின்னர் கணக்கிட்டார்கள். எவ்வளவு வேகத்தில் மேலே வருகிறது என்று தெரியாமல் எவ்வளவு சேறு வேண்டும் என்று யார் கணக்குப் போடுவது? கசிவின் அளவை அமெரிக்கக் காங்கிரஸிடம் மறைத்த குற்றத்தை பிபி 2012இல் ஒப்புக்கொண்டது.

ஜூன் தொடக்கத்தில் உடைந்த குழாயை ஒட்ட வெட்டி மூடி போடப் போனார்கள். வைரம் பதித்த கம்பிவாள் பாதியில் சிக்கிக்கொண்டது. பெரிய கத்தரிக்கோலால் நறுக்க, விளிம்பு கோணலாகிவிட்டது. கோணல் விளிம்பில் மூடி இறுக்கமாக உட்காராது. கொஞ்சம் எண்ணெய் கப்பலுக்குப் போனது, மிச்சம் கடலுக்குப் போனது.

ஜூலையில் அந்த மூடியை எடுத்துவிட்டு, விளிம்பின் போல்ட்டுகளை ரொபோவால் கழற்றி, மூன்று வால்வு கொண்ட புதிய மூடியை இறுக்கினார்கள். 15ஆம் திகதி வால்வுகளை மூடியதும் கசிவு நின்றது. ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை. வாயை இறுக்க அடைத்தால், கிணற்றுச் சுவரில் வெடிப்பு இருக்குமானால், எண்ணெய் பக்கவாட்டில் போய்க் கடல்தரையைப் பிளந்துகொண்டு வரலாம். அதற்கு மூடியே கிடையாது.

ஆகவே எல்லோரும் அமுக்கமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சதுர அங்குலத்துக்கு 7,500 இறாத்தலுக்கு மேல் போனால் கிணறு நலம், 6,000க்குக் கீழே நின்றால் உள்ளே கசிகிறது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். வந்ததோ 6,600 அளவில். திரும்பத் திறந்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். போல் ஷே என்ற அமெரிக்க அரசாங்க நிலத்தடிநீர் விஞ்ஞானி ஒருவர், கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பிய அமுக்க வரைபடத்தை வைத்து இரவோடிரவாகக் கணித்தார். 87 நாள் ஓடியதில் நிலத்தடி எண்ணெய்த் தேக்கமே ஓரளவு வற்றியிருக்கிறது, சுவரில் கசிவு இல்லாமலே இந்த எண் வரலாம் என்று காட்டினார். வால்வுகளைத் திறக்கவில்லை. நீர்வளப் படிப்புக்கு இப்படியும் ஒரு வேலை வாய்க்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்! பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி அடியில் சீமெந்து ஊற்றி முழுதாக மூடியது செப்டம்பர் 19இல்.

சரி, நமக்கு வருவோம். 2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் இலங்கைக் கடலில் உள்ள மன்னார்ப் படுகையில் தோண்டியபோது இரண்டு கிணறுகளில் எரிவாயு கிடைத்தது. அதில் பராகுடா என்ற கிணறு இருக்கும் இடத்தில் கடலின் ஆழம் 1,500 மீற்றர் அளவு, மக்கொண்டோவேதான். 2010க்குப் பிறகு இந்த மூடிகளை முன்கூட்டியே செய்து நோர்வே, பிரேசில், தென்னாபிரிக்கா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தயாராக வைத்திருக்கிறார்கள். நமக்குக் கிட்ட இருப்பது சிங்கப்பூர். மன்னார்ப் பேச்சு வரும்போதெல்லாம் எத்தனை டொலர் வரும் என்றுதான் கேட்கிறோம். அந்த மூடி எத்தனை நாளில் வரும், எந்தக் கப்பலில் வரும், அத்தனை பாரத்தைத் தூக்கி இறக்கும் கிரேன் யாரிடம் இருக்கிறது, அதற்கு முன் கிணற்று வாயில் கிடக்கும் உடைசலை வெட்டி அகற்றுவது யார்? இவை முதல் துளை போடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் பெயரும் நாளும் போட்டு எழுதப்பட வேண்டியவை. நன்றி, வணக்கம்.