நியூகாசில் போன தாய்மார்கள்

(தென்னாப்பிரிக்கப் பெண்கள் தினத்தன்று, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். சூலுவில் சொன்னால், சனிபோனானி.

முதலில் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். உடம்பு சரியில்லாதபோதும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் அறங்காவலர் குழுத் தலைவர் ஐயா அவர்களே, வேறு கூட்டங்களை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, இந்தியத் துணைத் தூதரகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, அடுத்த தெருச் சபையின் போதகர் ஐயா அவர்களே, பள்ளிவாசல் பெரியவர் அவர்களே, சூலு மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் சர்ச் தாய்மார்களே! விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி நமக்கெல்லாம் சாப்பாடு தயார் செய்திருக்கும் மாதர் சங்கத்தாருக்குத் தனியாக ஒரு கும்பிடு. எவரையாவது சொல்லாமல் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் ஆயா சொல்லிக்கொண்டே இருந்த வார்த்தை இது. எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

இன்று ஆகஸ்ட் 9. 1956-இல் இதே நாளில் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசாங்க மாளிகைக்கு முன்னால் போய் நின்றார்கள். கறுப்பின மக்கள் எங்கே போனாலும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டம் வேண்டாம் என்றார்கள். உம்லாசித் தாய்மார்களுக்கு அந்தக் கதையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அதற்கு 43 வருஷம் முன்னால் போகிறேன். மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன்: 1913-இல் சிறைக்குப் போன நம் பெண்கள், சூலுத் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி, 1946-இல் டர்பன் உம்பிலோ சாலையில் நடந்த சத்தியாகிரகம்.

1913 மார்ச் 14-ஆம் தேதி கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறையில் நடந்து பதிவான கல்யாணம்தான் கல்யாணம் என்பது அதன் பொருள். தாலி கட்டிக்கொண்டவளும் நிக்காஹ் முடித்தவளும் சட்டப்படி மனைவியே இல்லை. அம்மன் சன்னதியில் கட்டிய தாலியை எவனோ ஒருவன் செல்லாது என்றால் எந்தப் பெண்ணுக்குப் பொறுக்கும்? அதுவரை அடுப்படியில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். இதோடு மூன்று பவுன், அதாவது அறுபது ஷில்லிங், வரியும் இருந்தது. இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து இந்த மண்ணில் தங்கினால் வருஷா வருஷம் தலைக்கு மூன்று பவுன். மனைவிக்கும் உண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் உண்டு. மாதம் 14 ஷில்லிங் கூலிக்காரனுக்கு அது நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து 11 பெண்கள், சட்டத்தை மீறி ஜெயிலுக்குப் போகவென்றே புறப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கையில் பால் குடிக்கிற குழந்தை. காந்தியோடு போராடிய தம்பி நாயுடுவின் வீட்டுக்காரம்மாவும் அவர்களில் ஒருவர். வெரீனிஜிங்கில் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினார்கள், லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கூவி விற்றார்கள், போலீஸ் தொடவில்லை. அதனால் நேட்டால் மாகாணத்து நியூகாசில் ஊருக்குப் போனார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த இடத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்து பேசினார்கள். சுரங்கம் நின்றது! அதற்குப் பிறகுதான் அரசாங்கம் அவர்களைப் பிடித்தது. மூன்று மாதம், மாரிட்ஸ்பர்க் ஜெயில்.

இப்போது லாசரஸ் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். டி. எம். லாசரஸ் நியூகாசிலில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவர். பணக்காரர் இல்லை. இரண்டு மூன்று அறை கொண்ட ஒரு வீடு, கொஞ்சம் நிலம், அவ்வளவுதான் சொத்து. அந்தப் பெண்களைத் தங்க வைத்தது அந்தக் குடும்பம். பின்னால் வந்த காந்தியும் அங்கேதான் தங்கினார். வேலைநிறுத்தம் செய்தவர்களின் குடியிருப்பில் முதலாளிகள் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். ‘இனி அங்கே இருக்க வேண்டாம், வெளியே வாருங்கள்’ என்றார் காந்தி. வந்தார்கள்! மூட்டையோடு, மனைவியோடு, பிள்ளையோடு, நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. எங்கே போவார்கள்? லாசரஸ் வீட்டைச் சுற்றித்தான். இரவும் பகலும் அந்த வீட்டு அடுப்பு அணையவில்லை. அந்த அம்மா நாள் முழுக்க உழைத்தும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை என்று காந்தியே எழுதியிருக்கிறார். தாய்மார்களே, பத்துப் பேர் விருந்துக்கு வந்தால் நம் வீட்டில் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். அங்கே வந்தது நூற்றுக்கணக்கில்; அரசாங்கத்தின் கண் அந்த வீட்டின் மேலேயே இருந்தது. ‘நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய்’ என்று அந்த வாசலில் எவரும் கேட்கவில்லை. நீதிமன்றம் போனது ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கு, ஜெயிலுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள், சோறு போட்டது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். போதகர் ஐயா தலையாட்டுகிறார்.

நவம்பர் 6-ஆம் தேதி டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள்: 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. நியூகாசிலை விட்டுக் கிளம்பியபின் இரண்டு தாய்மார்கள் வழியிலேயே குழந்தையைப் பறிகொடுத்தார்கள்; ஒரு பிள்ளை ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்தே நழுவிப் போனது. அப்படியும் அவர்கள் நின்றுவிடவில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். தோட்டக்காட்டிலும் வேலைநிறுத்தம் பரவியது. மவுண்ட் எட்ஜ்கம்பில் சுட்டார்கள், நம் ஆட்கள் செத்தார்கள். 1914-இல் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி போனது, நம் கல்யாணமும் செல்லும் என்றானது.

தில்லையாடி வள்ளியம்மையை இங்கே உள்ள எல்லோருக்கும் தெரியும். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். ஜெயிலிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி இறந்தாள், வயது 16. ‘ஜெயிலுக்குப் போனதற்கு வருந்துகிறாயா?’ என்று காந்தி கேட்டபோது, இப்போது பிடித்தாலும் போகத் தயார் என்றாள்.

லுத்துலிக்கு வருகிறேன். வடகரைச் சாலையில் ஸ்டாங்கருக்கு முன்னால் இருக்கிற குரூட்வில் ஊரில் சூலு மக்களின் தலைவர். சபையில் பிரசங்கம் செய்கிறவர். 1952-இல் ‘தலைவர் பதவியா, வெள்ளையர் ஆட்சியை எதிர்க்கும் போராட்டமா, ஒன்றை விடு’ என்றது அரசாங்கம். அவர் போராட்டத்தை விடவில்லை. அரசாங்கம் பதவியைப் பறித்தது. விடுதலைக்குப் போகும் வழி சிலுவை வழிதான் என்று அறிக்கை விட்டார். 1960-ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு அவருக்குத்தான். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.

ஆனால் இன்று எனக்கு மனதில் உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்கள் சுரங்கத்துக் குடியிருப்பில் எந்தப் பாஷையில் பேசியிருப்பார்கள்? நம் பிள்ளைகளிடம் நம்மால் பேச முடியாமல் போய்விட்ட பாஷையில்தானே! காவடி எடுக்கிற பிள்ளை விரதம் இருக்கிறான், அலகு குத்திக்கொள்கிறான். அவன் பக்தியில் எள்ளளவும் குறை இல்லை. தேவாரத்தை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறான். சாமியிடம் என்ன கேட்கிறோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? பாட்டி அழும்போது எதற்கு அழுகிறாள் என்று பேத்திக்குத் தெரிய வேண்டாமா?

தலைவர் ஐயா, உங்களிடம்தான் கேட்கிறேன். மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலி அடுக்கி வைத்திருக்கும் அறையைச் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்புக்குக் கொடுங்கள். வாடகை வேண்டாம் என்று சொல்லுங்கள். நாற்காலிகளை நாங்களே எடுத்து வைக்கிறோம். வகுப்பு கோயில் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. சபைப் பிள்ளைகள் வரட்டும், மதரசா முடித்து வரும் பிள்ளைகள் வரட்டும், உம்லாசியிலிருந்து யாராவது வந்தால் அவர்களுக்கும் சொல்லித்தருவோம், அவர்களிடம் சூலு கற்றுக்கொள்வோம். முதல் வாரம் நாலு பிள்ளைகள்தான் வருவார்கள். வரட்டும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று மூன்றாவது தடவை சொல்கிறேன்.

உம்பிலோ சாலையைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். வாசலில் மாதர் சங்க மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. பிள்ளையின் பெயரையும் வயதையும் எழுதிவிட்டுப் பந்திக்கு வாருங்கள். வணக்கம்.